பூவில் மருந்து அடிக்காமல் சிலந்திப்பேனை அடக்கியது: வேட்டைப்பேன் குப்பியும் பைகளும், இரண்டு சுற்று அனுபவம்

அக்கா மூச்சில் இழுக்கப் போகிற பூ இது. நான் எதை வாங்கினேன், எதை வாங்காமல் விட்டேன் என்பதெல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்து வந்தவைதான்.

அக்காவுக்கு மல்டிபிள் ஸ்க்ளரோசிஸ் என்ற நரம்பு நோய். ராத்திரியில் கால் தசைகள் கட்டை போல இறுகிவிடும். மருத்துவர் எழுதிக் கொடுத்து, சட்டப்படியான அனுமதியோடு, வீட்டுக்குள் நான்கு கஞ்சாச் செடி வளர்க்கிறோம். வளர்ப்பவன் நான். நான்கடிக்கு நான்கடி கூடாரம், ஒரு எல்இடி விளக்கு, காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று, உள்ளே சுழலும் சின்ன விசிறிகள் இரண்டு. அனுமதி இல்லாதவர்களுக்கு வழி சொல்ல இதை எழுதவில்லை. சட்டம் இடம் கொடுக்கிற இடத்தில் தனக்கோ தன் வீட்டாருக்கோ வளர்ப்பவர்கள், பூக்கும் பருவத்தின் நடுவில் பேனைப் பார்த்து நான் பதறியது போலப் பதற வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

செடிச் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேனைத் தின்கிற நுண்ணிய பேன்கள்தான் வேட்டைப்பேன்கள். நான் வாங்கியவை இரண்டு. ஒன்று, 2000 பெர்சிமிலிஸ் வேட்டைப்பேன் என்று எழுதியிருந்த குப்பி. இன்னொன்று, கலிஃபோர்னிகஸ் என்ற வேறொரு வேட்டைப்பேன் அடைத்த, கிளையில் மாட்டிவிடுகிற காகிதப் பைகள். குப்பியை முதல் சுற்றில், காரியம் கைமீறிய பிறகு பயன்படுத்தினேன். பைகளை அடுத்த சுற்றில், எதுவும் வருவதற்கு முன்பே மாட்டினேன். இரண்டும் வேலை செய்தன. ஆனால் செய்த வேலை ஒன்றல்ல.

பூக்க வைப்பதற்காக விளக்கைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மாற்றிய பத்தொன்பதாம் நாள், கீழிலை ஒன்றில் ஊசி குத்தியது போல வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தன. கால்சியம் குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். இலையைத் திருப்பி அறுபது மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தேன். கண்ணாடி மணி போல உருண்டையான முட்டைகள் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, முதுகின் இரு பக்கமும் கரும்புள்ளி வைத்த வெளிறிய உருவங்கள் மெல்ல நகர்ந்தன. இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன். வளர்ந்த பெண் பேனே அரை மில்லிமீட்டர்தான். வெறுங்கண்ணுக்குத் தூசி.

இந்தப் பேனை எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால்தான் பயம் அதிகமானது. முப்பது டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முழுப் பேனாக ஒரு வாரம் போதும். இருபது டிகிரிப் பக்கம் என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். ஆண் சேராத பெண்ணும் முட்டையிடும். அந்த முட்டைகளிலிருந்து ஆண்கள் மட்டும் வரும். பிறகு அந்த ஆண்களோடு சேர்ந்து பெண்களையும் பெறும். ஆக, சட்டையில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்த ஒரே ஒரு பெண் பேன் போதும். என் கூடாரத்துக்கு எப்படி வந்தது என்று யோசித்தால், அதே அறையின் ஜன்னலோரம் இருந்த ரோஜாத் தொட்டியைத்தான் சொல்ல வேண்டும். அதன் இலைகளுக்கு அடியிலும் அதே புள்ளிகள். ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு எத்தனை தடவை கூடாரத்தின் ஜிப்பைத் திறந்திருப்பேன்!

பூ வராத செடி என்றால் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. இலைக்கு அடியில் நன்றாக நனையும்படி சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெய்க் கரைசலோ நான்கைந்து நாளுக்கு ஒரு தடவை அடித்தால் கட்டுக்குள் வந்துவிடும். பூ வந்த பிறகு அது முடியாது. இந்தப் பூவைக் கழுவிச் சமைக்கப் போவதில்லை, தோலை உரிக்கப் போவதில்லை. பூவை மூடியிருக்கும் பிசின் முடிகள்தான் மருந்துச் சத்து இருக்கிற இடம். எண்ணெய் எதுவானாலும் அந்தப் பிசினில் படிந்து அங்கேயே தங்கிவிடும். நெருக்கமான மொட்டுக்குள் ஈரம் புகுந்தால் அழுகலுக்கு அழைப்பு வைத்த மாதிரி. வேப்பெண்ணெயை நான் மதிக்கிறேன், இலை மட்டும் இருக்கிற காலத்தில் இன்றும் அதைத்தான் அடிக்கிறேன். ஆனால் பூ பிடித்த செடியில் ஒரு சொட்டுக்கூட வேண்டாம் என்பேன். வாசனை போகாது, சுவை போகாது. சூடாக்கி நுரையீரலுக்குள் இழுக்கும்போது அந்த எண்ணெயும் கூடவே போகும்.

கடைகளில் கிடைக்கிற வலுவான மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒருவர் எனக்கு அதைத்தான் பரிந்துரைத்தார். அபாமெக்டின், இமிடாக்ளோபிரிட் போன்றவை இலைக்குள் ஊடுருவிவிடும். மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகிற பொருள்கள் அல்ல. பூஞ்சைக்கு அடிக்கிற மைக்ளோபியூட்டானில் இன்னும் மோசம், சூடாகிச் சிதையும்போது ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். தக்காளிக்கோ திராட்சைக்கோ அனுமதி வாங்கிய மருந்து என்பதால் மூச்சில் இழுக்கிற பூவுக்கும் ஆகும் என்று அர்த்தமில்லை. சாப்பிடும் பொருளுக்குச் செய்த சோதனை நுரையீரலுக்குப் பதில் சொல்லாது. அக்காவின் நோய்க்குக் கொடுக்கிற மாத்திரைகள் ஏற்கனவே அவளுடைய எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருக்கின்றன. அவள் மூச்சில் எதைச் சேர்க்கலாம் என்று சூதாட நான் யார்?

‘பூக்கும் பருவத்துக்குப் பாதுகாப்பானது’ என்று முகப்பில் பெரிய எழுத்தில் போட்ட ஸ்ப்ரே ஒன்றும் கையில் இருந்தது. பின்பக்கச் சின்ன எழுத்தைப் படித்தேன். உள்ளே இருந்தவை ரோஸ்மேரி எண்ணெயும் புதினா எண்ணெயும். பேன் மேல் நேராகப் பட்டால் சாகும், படாவிட்டால் பிழைக்கும். முட்டைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பூ இல்லாத கீழிலை ஒன்றில் மட்டும் அடித்துப் பார்த்தேன். மூன்று நாள் கழித்தும் கூடாரம் முழுக்கப் புதினா வாசம். அதை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன்.

மிஞ்சிய வழி, பேனைத் தின்கிற பேன்.

பெர்சிமிலிஸ் ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறம், பேரிக்காய் வடிவம், நீண்ட கால்கள். சிலந்திப்பேன் ஊர்ந்தால் இது ஓடும். 1958இல் சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாக ஐரோப்பாவுக்கு வந்தது. அதன்பின் கண்ணாடிக் கூடங்களில் வெள்ளரி வளர்ப்பவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். இது சாப்பிடுவது சிலந்திப்பேன் குடும்பத்தை மட்டும்தான். மகரந்தம் கொடுத்தாலும் வாழாது, செடிச் சாற்றை உறிஞ்சாது, மனிதரைக் கடிக்காது. இரை தீர்ந்ததும் பட்டினியில் செத்துப்போகும் அல்லது தேடிக்கொண்டு வெளியேறிவிடும். அறுவடை சமயத்தில் பூவில் என்ன மிஞ்சியிருக்கும் என்று கவலைப்படுகிறவனுக்கு இந்தக் கடைசி குணம் பெரிய ஆறுதல்.

குப்பியை வரவழைத்த கதையில் ஒரு குறை உண்டு. முதல் பெட்டி வந்துசேர ஐந்து நாள் ஆனது. வார இறுதி நடுவில் விழுந்துவிட்டது. உள்ளே இருந்த பனிப்பொட்டலம் உருகி, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. குப்பியில் பேன்களோடு வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகள் கலந்திருக்கும். அதில் ஒரு கரண்டியை வெள்ளைத்தாளில் கொட்டிப் பத்து நிமிடம் லென்ஸோடு உட்கார்ந்தேன். ஒன்றுகூட நகரவில்லை. அந்த வெள்ளைத்தாளைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் வேறு குப்பி அனுப்பினார்கள், அது இரண்டு நாளில் வந்தது. அதைக் கொட்டிய உடனே தாளின் ஓரங்களை நோக்கிச் சிவப்புப் பொட்டுகள் ஓடத் தொடங்கின. மாற்றிக் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் உயிருள்ள சரக்கை வாரக் கடைசியில் அனுப்பக் கூடாது என்பது விற்கிறவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தில் என் சிலந்திப்பேன் ஒரு தலைமுறையையே முடித்துவிட்டது.

காத்திருந்த நாள்களில் சும்மா இருக்கவில்லை. அதிகம் தாக்கப்பட்ட பதினோரு கீழிலைகளைக் கிள்ளி, கூடாரத்துக்குள்ளேயே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோனேன். பூ இல்லாத கீழ்க்கிளைகளின் இலைகளுக்கு அடியில் மட்டும் வெறும் தண்ணீரைப் பீய்ச்சித் துடைத்தேன். ரோஜாவை வீட்டை விட்டே வெளியேற்றினேன். செடிக்கு ஐந்து இலை வீதம் லென்ஸில் எண்ணி நோட்டில் எழுதினேன். சராசரியாக இலைக்குப் பதினான்கு பேன், முட்டைகளைச் சேர்க்காமல்.

இருபத்தேழாம் நாள் குப்பியைத் திறந்தேன். குப்பியின் விளக்கத் தாள் கையளவுதான். அதில் இல்லாததைக் கற்றுக்கொள்ள எனக்கு நாள் பிடித்தது. குப்பியைக் கிடத்தி மெதுவாக உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் பேன்கள் எல்லாம் மேல்பக்கம் போய்ச் சேர்ந்துவிடும், முதல் செடிக்கே பாதிப் படை போய்விடும். விளக்கு அணைகிற நேரத்துக்குச் சற்று முன் விட வேண்டும். உள் விசிறிகளை இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்த வேண்டும், அல்லது இலை அசையாத அளவுக்குக் குறைக்க வேண்டும். துகளை மொட்டு மேல் தூவக் கூடாது. பிசினில் வெர்மிகுலைட் ஒட்டினால் எடுக்கவே முடியாது, பேனும் பிசினில் மாட்டிச் சாகும். காப்பி வடிகட்டும் காகிதத்தைச் சின்னக் கிண்ணம் போல மடித்துக் கிளைக் கவைகளில் வைத்து, அதில் துகளைப் போட்டேன். பேன்கள் தாமாக ஏறி இலைக்குப் போய்விடும். வந்த அன்றே விட்டுவிட வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டே ஆக வேண்டுமென்றால் பத்து டிகிரிப் பக்கம் குளிர்ச்சியான இடத்தில் படுக்கவைக்கலாம். உறைபெட்டியில் வைத்தால் முடிந்தது.

முப்பத்தொன்றாம் நாள் முதல் நல்ல அடையாளம் கிடைத்தது. சிலந்திப்பேனின் உருண்டை முட்டைகளுக்கு நடுவே, ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய, நீள்வட்டமான, இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட முட்டைகள். வேட்டைப்பேன் குடியேறிவிட்டது. அதன்பின் கணக்குத் தலைகீழானது. இலைக்குப் பதினான்கு என்று இருந்தது முப்பத்தாறாம் நாள் ஆறு, நாற்பத்தொன்றாம் நாள் இரண்டுக்கும் கீழே. உறிஞ்சித் தின்றுபோட்ட வெற்றுத் தோல்கள் இலையடியில் வெள்ளைச் சருகு மாதிரி கிடந்தன. வளர்ந்த பெர்சிமிலிஸ் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய பேன்களையோ இருபது முட்டைகளையோ தின்னும் என்பார்கள். அந்தத் தோல்களைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றியது.

இது மூன்று செடிகளின் கதை. நான்காவது செடியின் கதை வேறு. இந்தப் பொருளை வாங்க நினைக்கிறவர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியது அதைத்தான்.

நான்காவது செடி விளக்குக்கு நேர் கீழே, விசிறியின் பாதையில் நின்றது. அந்த மூலையில் தனியாக ஒரு மானி வைத்துப் பார்த்தேன்: வெப்பம் இருபத்தொன்பது, ஈரப்பதம் நாற்பத்துமூன்று. பெர்சிமிலிஸுக்கு அறுபதுக்கு மேல் ஈரப்பதம் வேண்டும். காற்று அதைவிட வறண்டால் அதன் முட்டைகள் பொரியாமல் சுருங்கிப்போகும். சிலந்திப்பேனுக்கோ சூடும் வறட்சியும்தான் கொண்டாட்டம். சரி, ஈரப்பதத்தை ஏற்றிவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். பூ திரண்டு வருகிற வாரங்களில் ஈரம் ஏறினால் மொட்டின் நடுத்தண்டிலிருந்து சாம்பல்நிற அழுகல் பிடிக்கும். வெளியே ஒரே ஒரு இலை காய்ந்ததுபோல் தெரியும், பிரித்துப் பார்த்தால் உள்ளே முழுக்கப் பூஞ்சை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குப் பேனைவிடப் பூஞ்சை பெரிய எதிரி. வேட்டைப்பேனுக்கு நல்ல காற்று பூவுக்குக் கெட்டது, பூவுக்கு நல்ல காற்று வேட்டைப்பேனுக்குக் கெட்டது. குப்பியின் தாளில் ‘ஈரப்பதம் அறுபதுக்கு மேல்’ என்று ஒரு வரி இருந்தது. பூக்கும் பருவத்தில் வாங்குகிறவன் அந்த வரியை வைத்து என்ன செய்வான் என்று யோசித்து எழுதியதாகத் தெரியவில்லை.

நான் கண்ட நடுவழி: அறையை ஐம்பதிலேயே வைத்தேன். விளக்கை ஒரு சாண் மேலே தூக்கினேன். விசிறி செடியை நேராக அடிக்காமல் சுவர்ப்பக்கம் திருப்பினேன். உயிருள்ள இலை ஈரத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும், அதனால் இலையடியை ஒட்டிய காற்று அறைக் காற்றைவிட ஈரமாக இருக்கும். பேன்கள் வாழ்வது அந்த மெல்லிய படலத்தில்தான். விசிறிக் காற்று அதைக் கலைக்காமல் விட்டால் மானி காட்டும் எண்ணைவிட அவற்றுக்குக் கொஞ்சம் சாதகம். இவ்வளவு செய்தும் நான்காவது செடியின் உச்சி மொட்டில் நாற்பத்தாறாம் நாள் நூல் வலை கட்டிவிட்டது. வலை கட்டிய மொட்டைக் காப்பாற்ற முயலவில்லை. ஒரு பையை மேலே கவிழ்த்து அப்படியே வெட்டி எறிந்தேன். ஆறு மாதப் பாடு, கை நடுங்கியது. ஆனால் அதை அக்காவுக்குக் கொடுப்பதாவது!

இன்னொரு குழப்பமும் நேர்ந்தது. கூடாரத்தின் மடிப்பில் ஆரஞ்சு நிறப் பேன்கள் கூட்டமாகத் தெரிந்தன. வேட்டைப்பேன் பெருகிவிட்டது என்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு நிமிடம் லென்ஸில் பார்த்துவிட்டு, “தம்பி, உன் ஆளுங்க ஓடுவாங்கன்னு சொன்னியே, இதுங்க உட்கார்ந்துட்டு இருக்கே” என்றாள். அவள் சொன்னதுதான் சரி. பகல் குறைந்து இரவுக் குளிரும் சேர்ந்தால் சிலந்திப்பேனின் பெண்கள் ஆரஞ்சு நிறமாகி, தின்பதை நிறுத்தி, இடுக்குகளில் உறங்கப் போய்விடும். பூக்க வைப்பதற்காக நாம் கொடுக்கிற பன்னிரண்டு மணி இருட்டு அவற்றுக்குக் குளிர்காலச் செய்தி. என் கூடாரத்தில் அப்போது இரவு வெப்பம் பதினேழு வரை இறங்கிக்கொண்டிருந்தது. நிறத்தை நம்பாதீர்கள், ஓட்டத்தைப் பாருங்கள். உறங்கப் போன அந்தப் பேன்கள்தான் அடுத்த சுற்றில் விளக்கு நேரம் நீண்டதும் விழித்து வருபவை. அறுவடைக்குப் பிறகு கூடாரத்தின் ஒவ்வொரு தையலையும் தூசியுறிஞ்சியால் இழுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்தேன். ஒரு முழு நாள் பிடித்தது.

முதல் சுற்றின் முடிவு: அறுபத்துமூன்றாம் நாள் அறுவடை. மூன்று செடிகள் முழுதாக, நான்காவது பாதி. மொட்டுகளைப் பிரித்து லென்ஸில் பார்த்தபோது பிசினில் ஒட்டிச் செத்த வேட்டைப்பேன்கள் அங்கொன்றும் இங்கொன்றும் இருந்தன. மறைக்க விரும்பவில்லை. அவற்றை இடுக்கியால் எடுத்தேன். அனேகமானவை உணவு தீர்ந்து முன்பே போயிருந்தன.

இனி பைகள். சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் பைகள் தொங்கிய சுற்றில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை.

கலிஃபோர்னிகஸ் பெர்சிமிலிஸ் அளவுக்கு வெறியோடு தின்னாது. பெருகுவதும் நிதானம். ஆனால் வறண்ட காற்றையும் சூட்டையும் இது தாங்கும். சிலந்திப்பேன் இல்லாதபோது மகரந்தத்தையும் வேறு சின்னப் பேன்களையும் தின்று காத்திருக்கும். பைக்குள் தவிடும் தீவனப் பேனும் இருக்கும். அதைத் தின்று உள்ளேயே பெருகி, நான்கு முதல் ஆறு வாரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கும். விளக்கை மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு செடிக்கு ஒரு பை மாட்டினேன். பூக்கும் பருவத்தின் நான்காம் வாரம் புதிதாக ஒன்று. பையில் சின்னத் துளை ஏற்கனவே இருக்கும், கத்தரியால் வெட்டத் தேவையில்லை. நான் முதலில் தெரியாமல் ஒன்றை வெட்டி, தவிடெல்லாம் தொட்டி மண்ணில் கொட்டிவிட்டேன். விளக்கு வெளிச்சம் நேராகப் படாத உள்கிளையில், இலை நிழலில் மாட்ட வேண்டும். வெளிச்சத்தில் தொங்கினால் உள்ளே தவிடு காய்ந்து எல்லாம் சாகும். தண்ணீர் ஊற்றும்போது நனைந்தால் தவிடு பூஞ்சை பிடிக்கும்.

அந்தச் சுற்றில் ஒன்பது வாரமும் வாரம் இரு முறை எண்ணினேன். ஒரே ஒரு தடவை, ஐந்தாம் வாரம், ஒரு இலையில் இரண்டு சிலந்திப்பேன். அடுத்த எண்ணிக்கையில் அவையும் இல்லை. ரோஜா இல்லாததும், கூடாரத்தை அப்படித் துடைத்ததும் காரணமாக இருக்கலாம், எல்லாப் புகழும் பைக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் பையின் விலையும் ஒரு உச்சி மொட்டை வெட்டி எறிகிற வலியும் எதிரெதிரே வைத்தால் எதை எடுப்பேன் என்பதில் சந்தேகமில்லை.

வேட்டைப்பேன் இருக்கிற செடியில் வேறு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. எண்ணெய், சோப்பு இரண்டும் எதிரியையும் நண்பனையும் சேர்த்துக் கொல்லும், ஆனால் காய்ந்து சில நாளில் வீரியம் போய்விடும். அதனால் இலைப் பருவத்தில் கடைசியாக அடித்து, ஒரு வாரமாவது விட்டுப் பை மாட்டுங்கள். கந்தகம் புகைத்திருந்தால் இன்னும் நீண்ட இடைவெளி வேண்டும், அது பேன் இனத்துக்கே ஆகாது. தொட்டி மண்ணில் பறக்கிற சின்னக் கருங்கொசுக்களுக்கு வேட்டைப்பேன் பயன்படாது. அதற்கு மண்ணில் ஊற்றுகிற பிடிஐ பாக்டீரியாவோ, ஸ்டெய்னெர்னீமா ஃபெல்டியே என்ற நுண்புழுவோ போதும். இரண்டும் மண்ணிலேயே புழுக்களைத் தாக்கும், பூவைத் தொடாது, வேட்டைப்பேனையும் ஒன்றும் செய்யாது. பறக்கும் பூச்சிகள் ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் அட்டையையும் தைரியமாகத் தொங்கவிடலாம், வேட்டைப்பேனுக்குச் சிறகில்லை.

யாருக்கு இது சரிப்படாது? வலை கட்டிய பிறகு, அறுவடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வாங்குகிறவர்களுக்கு. வேட்டைப்பேன்கள் பெருகி வேலையைத் தொடங்கவே பத்து நாள் ஆகும். அந்த நிலையில் மோசமான கிளைகளை வெட்டிவிட்டு, மிச்சத்தைச் சற்று முன்னதாக அறுப்பதே மேல். லென்ஸ் வாங்கச் சோம்பல்படுகிறவர்களுக்கும் வேண்டாம். பார்க்காமல் விட்டால் எது யாரைத் தின்கிறது என்றே தெரியாது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ரசெட் பேன், அகலப்பேன் போன்றவை வந்திருந்தால் பெர்சிமிலிஸ் அவற்றைத் திரும்பிப் பார்க்காது. முதலில் எந்தப் பேன் என்று அடையாளம் காணுங்கள், பிறகு ஆர்டர் போடுங்கள்.

மதிப்பெண் கேட்டால், பைகளுக்கு ஐந்துக்கு ஐந்து. குப்பிக்கு மூன்றரை: உள்ளே இருந்த பேன்களுக்கு ஐந்து தருவேன், அனுப்பிய விதத்துக்கும் அரைகுறை விளக்கத்தாளுக்கும் கழித்துவிட்டேன்.

மூன்றாம் சுற்றுச் செடிகள் இப்போது முழங்கால் உயரம். கடைசி வேப்பெண்ணெய் போன ஞாயிறு அடித்தாயிற்று. பைகளுக்குச் சொல்லிவிட்டேன், திங்களன்று அனுப்பிப் புதனுக்குள் வரும்படி. அக்கா அந்த லென்ஸைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டாள். பெட்டி வந்ததும் முதலில் தான்தான் பார்க்க வேண்டுமாம்.